பேராதனையில் முதலாம் ஆண்டு: தனிமையும் அதை ஆள்வோரும்

கேள்வி

பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு அது நட்பின் ஊராகவே தோன்றும். கண்டி நகரிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் தொலைவில், ஹந்தானை மலைச்சரிவிலும் மகாவலிக் கரையிலுமாகப் பரந்திருக்கும் அந்த வளாகத்தில் படித்தவர்கள், விடுதி அறைத் தோழரையும் கன்டீன் தேநீரையும் திறந்தவெளி அரங்கின் இரவு நாடகங்களையும் மறவாமல் குறிப்பிடுகிறார்கள். பட்டம் பெற்று நாற்பது ஆண்டு கடந்த பின்பும் ஒரே 'பட்ச்'சைச் சேர்ந்தவர்கள் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய் நிற்கிறார்கள். இதில் பொய்யில்லை. ஆனால் இந்தச் சான்று ஒருபுறம் சாய்ந்தது. நினைவுமலருக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்திருந்தவர்கள். முதலாம் ஆண்டில் எவரோடும் சேராமல், அல்லது எவராலும் சேர்க்கப்படாமல், விரிவுரை முடிந்ததும் தனியே நடந்து போனவர்கள் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை. மலருக்குக் கட்டுரை அனுப்புவதுமில்லை.

அந்த மாணவரைப் பற்றியதே இக்கட்டுரை. புதுமுக மாணவர் சகமாணவரிடமிருந்து தனிமைப்படுவது ஊரைவிட்டு வந்ததன் இயல்பான விளைவா, அல்லது அதை உண்டாக்கிப் பேணுகிற ஓர் ஏற்பாடு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா? புதுமுக மாணவர்மீது சிரேஷ்ட மாணவர் நடத்தும் பகிடிவதை பற்றிய நம்முடைய பேச்சு பெரும்பாலும் அடி, உதை, அவமதிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பகிடிவதையின் உண்மையான பலம் கையில் இல்லை, ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தில் இருக்கிறது என்பது என் முடிவு. அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது, ஏன் சட்டத்தால் அதைத் தொட முடியவில்லை, தமிழ் பேசும் மாணவர்மீது அது ஏன் இரட்டிப்பாக இறங்குகிறது என்பவற்றை இங்கே பரிசீலிக்கிறேன்.

தனிமை பற்றிய மூன்று விளக்கங்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாமையால் வருவது ஒன்று; பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாமையால் வருவது மற்றது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்யாது என்பதே அவருடைய வாதத்தின் உயிர்நிலை. இரவில் அம்மாவோடு ஒரு மணிநேரம் தொலைபேசியில் பேசும் மாணவி, மறுநாள் மதியம் யாரோடு சாப்பிடப் போவது என்று தெரியாமல் விரிவுரை மண்டப வாசலில் நிற்கக்கூடும். 'வீட்டு நினைவு, போகப்போகச் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் முதல் வகைக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வகைக்கு வட்டம் வேண்டும். வட்டத்துக்குள் நுழைய வழி வேண்டும்.

இரண்டாவது விளக்கம் வின்சென்ட் டின்டோ 1975-இல் முன்வைத்தது. மாணவர் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்று ஆராய்ந்த அவர், கல்வியோடு ஒருங்கிணைவதும் வளாகச் சமூகத்தோடு ஒருங்கிணைவதும் சேர்ந்தே ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் நிலைக்கவைக்கின்றன என்றார். இன்றும் பல்கலைக்கழக நிர்வாகிகள் அதிகம் நம்புவது இந்த மாதிரியைத்தான். ஆனால் பழைய சமூகத்தை விட்டுவிட்டால்தான் புதியதில் சேர முடியும் என்ற எடுகோள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து வரும் மாணவருக்கு இது பொருந்தாது என்று வில்லியம் டியர்னி 1992-இல் மறுத்தார். பேராதனைக்கு அந்த மறுப்பு மிகவும் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ புகையிரதம் ஏறும் மாணவன் ஒருங்கிணையத் தவறியவனில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவன், தன் பலத்தை எங்கிருந்து பெறுகிறானோ அங்கே போய்வருகிறான்.

மூன்றாவது, கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டிலிருந்து செய்த பரிசோதனைகள். கணினித் திரையில் மூவர் பந்தெறிந்து விளையாடுகிறார்கள். சில எறிகளுக்குப் பிறகு பங்கேற்பவருக்குப் பந்து வருவதே இல்லை. ஒரு சில நிமிட விளையாட்டு, பார்த்திராத மனிதர்கள். அதற்கே பங்கேற்றவரின் தன்மதிப்பும் 'எனக்கும் இடமுண்டு' என்ற உணர்வும் சரிந்தன. 2007-இல் வெளியான தொடர் ஆய்வொன்று இன்னும் தூரம் சென்றது. விளையாடுகிற மற்றவர்கள் இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டபோதும், அவர்களால் ஒதுக்கப்பட்டது அதே அளவு வலித்தது. நம் விடயத்துக்கு இதைவிட முக்கியமான ஆய்வு முடிவு இல்லை என்று கருதுகிறேன். பகிடிவதையை மனதார வெறுக்கிற மாணவருக்கும் பகிடிவதை செய்வோரின் புறக்கணிப்பு வலிக்கும். 'அவர்களோடு சேராவிட்டால் என்ன, நீ உன் படிப்பைப் பார்' என்று வீட்டார் சொல்லும்போது அந்த வலி கணக்கில் வருவதில்லை.

வதிவிடக் கனவும் அதன் சுருக்கமும்

பேராதனை வளாகம் தனிமைக்கு மாற்றாகவே திட்டமிடப்பட்டது என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1942-இல் கொழும்பில் சுமார் 900 மாணவரோடு தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், வகுப்பறைக்கு வெளியே சேர்ந்து வாழ்வதே பாதிக் கல்வி என்ற நம்பிக்கையோடு வதிவிடப் பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டினார். பட்ரிக் அபர்குரோம்பியின் திட்டமும் ஷெர்லி டி அல்விஸின் கட்டடக்கலையும் அதற்கு உருக்கொடுத்தன. 1949-இல் தொடங்கிய இடமாற்றம் 1952-இல் பெருமளவு நிறைவேறியது. 1954 ஏப்ரல் 20-இல் எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, மார்க்கஸ் பெர்னாண்டோ, சங்கமித்தா என்று பெயரிடப்பட்ட ஒவ்வொரு விடுதியும் தனக்கென உணவு மண்டபமும் பொறுப்பாளரும் கொண்ட ஒரு சிறு சமூகமாக இருக்கவேண்டும் என்பதே எண்ணம். வெவ்வேறு பீடத்தவரும் வெவ்வேறு ஆண்டினரும் ஒரே மேசையில் உண்பர்.

அந்த ஏற்பாடு ஆங்கிலம் பேசும் சிறு வகுப்பினருக்காக அமைந்தது என்பதும் உண்மை. 1960-இல் கலைப்பீடத்தில் சிங்கள, தமிழ் மொழிவழிக் கல்வி தொடங்கியதும் கிராமத்துப் பள்ளிகளின் பிள்ளைகள் வந்தனர். இலங்கையின் கல்வி வரலாற்றில் அது பெரிய நீதி. ஆனால் விடுதிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. அறைகள் நெருங்கின, கன்னொறுவ, பெனிதெனிய, ஹிந்தகல பக்கங்களில் தனியார் போர்டிங்குகள் முளைத்தன. விடுதி என்ற கலப்புச் சமூகம் தளர்ந்ததும், அந்த வெற்றிடத்தை ஒரே பீடத்தில் ஒரே ஆண்டில் நுழைந்தவர்களின் கூட்டம் நிரப்பியது. இது என் வாசிப்பு: இன்று நாம் 'பட்ச்' என்று சொல்லும் அமைப்பு இவ்வளவு இறுகியதற்கு மாணவர் பண்பாட்டைப் போலவே கட்டில் பற்றாக்குறையும் காரணம்.

தனிமைக்கு இன்னொரு காரணம் அனுமதி முறை. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மொனராகலையும் கிளிநொச்சியும் கொழும்பும் ஒரே வரிசையில் உட்காருகின்றன. நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து வருபவர் பள்ளியிலோ டியூஷன் வகுப்பிலோ அறிந்த பத்துப் பேரோடு வருவார். தன் பாடசாலையிலிருந்து ஒருவராகவே வருகிறவருக்கு, பதிவு நாளன்று அந்த வளாகத்தில் பெயர் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை. முதலாம் ஆண்டுத் தனிமையை அளக்க முற்படுவோர் முதலில் கேட்கவேண்டியது 'எந்த மாவட்டம்' என்பதைவிட 'எத்தனை பேராக வந்தீர்கள்' என்பதே.

பகிடிவதையின் நியாயங்கள்

பகிடிவதையை ஆதரிப்போர் வெறும் கொடுமைக்காரர் என்று ஒதுக்கினால் அது ஏன் நிலைக்கிறது என்று விளங்காது. அவர்களிடம் வாதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றாவது நேர்மையாக எடைபோடத் தக்கது.

அது சமத்துவ வாதம். ஆங்கிலமும் பணமும் கொண்டு வருபவரின் செருக்கை முதல் மாதங்களிலேயே அடக்கி எல்லோரையும் ஒரே உடையில், ஒரே நிலையில் நிறுத்துவதே நோக்கம் என்கிறார்கள். இதன் பின்னால் உண்மையான காயம் இருக்கிறது. ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள், என்று சிங்கள மாணவர் அழைத்ததை மையமாக வைத்து, பேராதனை ஆங்கிலத் துறையைச் சேர்ந்த மொழியியலாளர் திரு கந்தையா 1984-இல் எழுதிய கட்டுரை இலங்கைச் சமூக மொழியியலில் ஒரு திருப்பம். ஆங்கிலம் தெரியாதவரை அது எப்படி வெட்டுகிறது என்பதை அவர் மாணவர் பக்கத்திலிருந்து விளக்கினார். அந்தக் காயத்தை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பகிடிவதை அந்தக் காயத்துக்கு மருந்தாக இருக்கிறதா? ஆங்கிலம் பேசத் தடை விதிக்கப்பட்டு முதலாம் ஆண்டைக் கடக்கும் கிராமத்து மாணவர், ஆங்கிலம் பழகுவதற்குக் கிடைத்த ஒரே ஆண்டை இழக்கிறார். நகரத்து மாணவர் அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். அவரிடம் எவரும் அதைப் பறிக்க முடியாது. ஒரே பட்ச்சுக்குள் சமத்துவம் பேசும் ஏற்பாடு, பட்ச்சுக்கும் பட்ச்சுக்கும் இடையில் கேள்விகேட்க முடியாத ஏற்றத்தாழ்வை நிறுவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது ஒற்றுமை வாதம்: சேர்ந்து துன்பப்பட்டவர்களே சேர்ந்து நிற்பார்கள். இதற்கு உளவியல் சான்றாக எலியட் அரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959-இல் வெளியிட்ட பரிசோதனை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த மாணவியரில் ஒரு பகுதியினர் கூச்சமூட்டும் சொற்களை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு அவர்கள் கேட்ட உரையாடல் வேண்டுமென்றே சலிப்பாக அமைக்கப்பட்டது. கடினமான நுழைவைக் கடந்தவர்களே அதை அதிகம் விரும்பியதாகச் சொன்னார்கள்.

இந்த முடிவை ஒற்றுமைக்கு ஆதாரமாக்குவது தவறு. அந்த மாணவியர் தாமாக முன்வந்தவர்கள். விரும்பாதவர் எழுந்து போயிருக்கலாம், போனால் இழப்பு ஒன்றுமில்லை. அளக்கப்பட்டதும் நட்பு அன்று, ஒரு சலிப்பான உரையாடலுக்கு அவர்கள் வழங்கிய மதிப்பெண். பட்ட கஷ்டத்தை வீணென்று ஒப்புக்கொள்ள மனம் மறுக்கிறது என்பதையே அது காட்டுகிறது. ஒரு சங்கிலி எப்படி நீள்கிறது என்பதை விளக்க இது நன்றாக உதவும்: சென்ற ஆண்டு முழந்தாளிட்டவர் இந்த ஆண்டு பிறரை முழந்தாளிடச் செய்வது, தான் முழந்தாளிட்டதற்கு ஒரு பொருள் தேடித்தான்.

மரபு வாதத்தை விரைவாகக் கடக்கலாம். ஆர்னல்ட் வான் கெனெப் 1909-இல் விவரித்த கடப்புச் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என மூன்று கட்டங்கள் உண்டு. அவற்றை நடத்தும் மூத்தோர் முழுச் சமூகத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள். சடங்குக்கு ஒரு முடிவு நாளும் உண்டு. பகிடிவதைக்கு முடிவு நாளைக் குறிப்பவர் அதை நடத்துகிறவரே. இடைநிலையில் நிற்பவர்களுக்கிடையே மலரும் சமத்துவ உறவைப் பற்றி விக்டர் டர்னர் 1969-இல் எழுதியது புதுமுக மாணவரிடையே உண்மையாகவே நிகழ்கிறது. ஒரே அறையில் நால்வர் நெருங்கிப் படுத்து, ஒரே பார்சல் சோற்றைப் பங்கிட்டு, ஒரே பரீட்சைக்குப் பயந்தால் நட்பு உண்டாகத்தான் செய்யும். சிரேஷ்ட மாணவர் தம் கொடையாக அதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள்.

குப்பி வகுப்பும் ஒதுக்கமும்

இப்போது நடைமுறைக்கு வரலாம். பேராதனை உள்ளிட்ட இலங்கைப் பல்கலைக்கழகங்களில் 'குப்பி' என்றொரு வழக்கம் உண்டு. பாடம் விளங்கிய மாணவர் விளங்காதவருக்கு, பெரும்பாலும் பரீட்சைக்கு முன்பு, தம் மொழியில் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும் பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் போன்ற பீடங்களில், தாய்மொழியில் உயர்தரம் படித்துவிட்டு வந்த மாணவருக்கு முதலாம் ஆண்டைக் கடக்க உதவும் பாலம் இதுவே. இலவசக் கல்வி தந்த மிக அழகிய உறவுகளில் ஒன்று இது. உயர்கல்வி பற்றி எழுதிவரும் இலங்கை விரிவுரையாளர் குழுவொன்று தன் பெயராகவே 'குப்பி'யைச் சூடிக்கொண்டது.

அந்தக் குப்பிக்குள் யார் வரலாம் என்று தீர்மானிப்பதுதான் ஒதுக்கும் அதிகாரத்தின் இருப்பிடம். பகிடிவதையை ஏற்க மறுத்தவர் பட்ச்சின் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறார். பேராதனைச் சிங்கள மாணவர் வழக்கில் அவரை 'அலயா' என்பார்கள். பழைய வினாத்தாள்கள், சிரேஷ்ட மாணவரின் குறிப்புகள், பட்ச் சுற்றுலா, விளையாட்டு அணி, சங்கத் தேர்தல் ஆகிய அனைத்தும் ஒரே வாயில் வழியாகவே போகின்றன. இன்று அந்த வாயில் வாட்ஸ்அப் குழுவாகவும் இருக்கிறது. பதிவு நாளுக்கு முன்பே அதில் எண் சேர்க்கப்பட்டுவிடுகிறது. விரிவுரை மண்டபம் மாறிய செய்தி அந்தக் குழுவில் மட்டும் வந்தால், வெளியே இருப்பவர் வெற்று மண்டபத்துக்குப் போய் நிற்பார். கோவிட் காலத்தில் முதலாம் ஆண்டு வீட்டிலிருந்தே இணையவழியில் நடந்தபோதும் இணையவழிப் பகிடிவதை பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. உடலைத் தொட முடியாத நிலையிலும் அது தொடர முடிந்ததென்றால், அதன் பிடி உடலில் இல்லை என்றுதானே பொருள்?

புதுமுக மாணவரிடம் யாரும் 'எங்களோடு வராவிட்டால் அடிப்போம்' என்று சொல்லவேண்டியதில்லை. 'எங்களோடு வராவிட்டால் நான்கு ஆண்டும் தனியாக இருப்பாய்' என்று உணர்த்தினால் போதும். ஊரைப் பிரிந்து வந்த இயல்பான தனிமை முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கிறது; பகிடிவதையும் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. பசி ஏற்கெனவே இருக்கிறது, உணவை வைத்திருப்பவர் விலை சொல்கிறார்.

தமிழ் பேசும் மாணவரின் இருமடங்கு நெருக்கடி

பேராதனையில் தமிழ் பேசும் மாணவர் சிறுபான்மையினர். அவர்களும் ஒரே கூட்டம் அல்லர். யாழ்ப்பாணத்தவர், வன்னியர், மட்டக்களப்பார், மலையகத் தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்று பேச்சுவழக்கிலும் பள்ளிப் பின்னணியிலும் வேறுபட்டவர்கள். தமக்குள் இவ்வளவு தூரம் உள்ளவர்களை வெளியே ஒரே பெயரில் அழைக்கிறார்கள்.

வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும் மாணவருக்குக் கண்டி சிங்களம் பேசும் நகரம். போர்டிங் தேடுவது, வங்கிக் கணக்குத் திறப்பது, காய்ச்சலுக்கு மருத்துவமனை போவது எல்லாவற்றுக்கும் மொழி தெரிந்த ஒருவர் கூட வேண்டும். அந்த ஒருவர் தமிழ்ச் சிரேஷ்ட மாணவர். 'அண்ணா', 'அக்கா' என்று அழைத்துப் பழகிய பண்பாட்டில் அந்த உதவி உண்மையான பாசத்தோடு கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. இந்தப் பிணைப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் தமிழருக்கு எதிராக நாடு கண்ட வன்முறை அதற்குப் பின்னால் வந்தது. ஆபத்தில் நம்மவர் நமக்கு வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தலைமுறை எங்கும் வாசித்துக் கற்கவில்லை.

ஆகவே தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையை மறுக்கும்போது இழப்பது அதிகம். சிங்கள மாணவர் மறுத்தால் பட்ச்சை இழப்பார். விடுதிக்கு வெளியே இறங்கினால் அவருடைய மொழி தெருவெங்கும் இருக்கிறது. தமிழ் மாணவர் மறுத்தால் தன் மொழி பேசப்படும் ஒரே வட்டத்தை இழக்கிறார். பிறகு அவர் பக்கத்து மேசைச் சிங்கள மாணவரோடு பழகவேண்டும். அதற்கு மொழி போதாது, அந்தப் பக்கத்தின் பட்ச் அமைப்பும் குறுக்கே நிற்கும். பகிடிவதையால் உயிரிழந்தவர்களில் நம் நினைவில் அழியாமல் இருக்கும் பெயர் வரப்பிரகாஷ். 1997-இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு வந்த முதலாண்டு மாணவர். பகிடிவதையில் சுமத்தப்பட்ட கடும் உடற்பயிற்சிகளின் பின் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1975-இல், விவசாயபீட மாணவி ஒருவர் பகிடிவதையிலிருந்து தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து முடமாகியிருந்தார். இந்த இரண்டு நிகழ்வுகளையும் பற்றிக் கேட்கும் எவருக்கும் ஏன் ஓடிப்போகவில்லை, ஏன் முறையிடவில்லை என்ற கேள்வி எழும். ஓடினால் எங்கே, யாரிடம் என்பதுதான் அதற்குப் பதிலாக நான் திருப்பிக் கேட்பது.

மலையக மாணவரின் நிலை இன்னும் நுட்பமானது. வீட்டுக்குச் சில மணிநேரப் பயணம்தான். சிங்களமும் ஓரளவு பேச வரும். ஆயினும் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவர் தமிழ் மாணவர் வட்டத்துக்குள்ளேயே தன் பேச்சுவழக்கும் தோட்டத்து லயன் வீட்டு முகவரியும் எப்படிப் பார்க்கப்படுமோ என்று தயங்கி நிற்பதுண்டு. பட்ச் தரும் சமத்துவம் இந்தத் தயக்கத்தைப் போக்குகிறது என்று சொல்வோர், பட்டப்பெயர் சூட்டும் சடங்கில் யாருடைய உச்சரிப்பு நையாண்டிக்கு உள்ளாகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கு மாறான சேர்க்கை பேராதனையில் நடக்காததல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளை மேடையேற்றினார். ஈழத்து அரங்க வரலாற்றில் அதன் இடம் பலரால் எழுதப்பட்டாயிற்று. நான் கவனிப்பது வேறொன்றை. அந்தக் களரியில் அடவு தெரிந்தவர்கள் மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து வந்த மாணவர்கள். பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு அவர்களில் ஒருவர். வடமோடி என்ற கூத்துவகையின் ஆட்டத்தைப் பிறர் அவர்களிடம் கற்கவேண்டியிருந்தது. யார் முதலாம் ஆண்டு, யார் மூன்றாம் ஆண்டு, யார் எந்த ஊர் என்ற வரிசையைக் கலை தலைகீழாக்கிவிடுகிறது. இன்று வளாகத்தின் குறிஞ்சிக்குமரன் கோயிலும் முஸ்லிம் மஜ்லிஸும் தமிழ்ச் சங்கமும் பலருக்கு இளைப்பாறும் இடங்களாக உள்ளன. அவற்றின் மதிப்பு, பகிடிவதையை ஏற்றவரா மறுத்தவரா என்று கேளாமல் ஒருவரை உள்ளே விடுவதில் இருக்கிறது. எங்கே அந்தக் கேள்வி வாசலில் கேட்கப்படுகிறதோ அங்கே அந்த மதிப்பு போய்விடுகிறது.

சட்டம் எட்டாத இடம்

வரப்பிரகாஷின் மரணம் உள்ளிட்ட 1997-இன் மரணங்களுக்குப் பின் நாடாளுமன்றம் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரையும், அதனால் பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைந்தால் 10 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. உடற்காயத்தோடு உளக்காயம், மனவேதனை, பயம் ஆகியவற்றை விளைவிக்கும் செயல்களையும் பகிடிவதை என்று வரையறுத்தது அதன் சிறப்பு. அதற்குப் பின்னும் மரணங்களும் முறைப்பாடுகளும் நிற்கவில்லை. அச்சத்தால் பொலிசுக்குப் போகாதோர் பலர் என்று பொதுவாகக் காரணம் சொல்லப்படுகிறது. அது சரியே, ஆனால் போதாது.

வரையறையை மறுபடி பாருங்கள். அது தண்டிப்பது செயலை. ஒதுக்கிவைத்தல் செயல்களால் ஆனதன்று; செய்யாமல் விடுபவற்றால் ஆனது. பேசாமலிருப்பது, அழைக்காமலிருப்பது, குறிப்பைத் தராமலிருப்பது, மேசையில் இடம் வைக்காமலிருப்பது. இவற்றில் எதற்காக எவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்த முடியும்? ஒருவரோடு நட்பாயிருக்க எவரையும் சட்டம் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. இன்னும் கசப்பான உண்மை, முறைப்பாடு செய்தவர்மீது ஒதுக்கம் இறுகுகிறது. சட்டத்தின் உதவியை நாடிய மறுநாள் அவர் அதே விரிவுரை மண்டபத்துக்குத் திரும்பவேண்டும். இதனால் சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிரையும் உடலையும் காக்க அது இன்றியமையாதது. இன்னும் உறுதியாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். பகிடிவதையின் வேருக்கு அது போகாது என்பதையே சுட்டுகிறேன்.

வாயில்களைப் பெருக்குதல்

ஒதுக்கும் அதிகாரம் ஒரே வாயிலால் வருகிறதென்றால், பல்கலைக்கழகம் செய்யக்கூடியது வேறு வாயில்களைத் திறப்பது. பகிடிவதைக்கு எதிரான சுவரொட்டியும் தொலைபேசி எண்ணும் மாணவருக்கு ஆபத்தை அறிவிக்கின்றன, நண்பரைத் தருவதில்லை. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர் பொறுப்பை விரிவுரையாளர்களே கற்பித்தலோடு சேர்த்துச் சுமக்கிறார்கள். தமிழில் மனம்விட்டுப் பேசக்கூடிய ஆலோசகர் எல்லாப் பீடத்திலும் இருக்கவேண்டும் என்பது அடிப்படைத் தேவை. அதுவும் வைஸ் சொன்ன முதல் வகைத் தனிமைக்கே மருந்து.

இரண்டாம் வகைக்குச் சிறு குழுக்கள் வேண்டும். முதல் வாரத்திலேயே, பத்துப் பன்னிரண்டு பேராக, மொழியும் மாவட்டமும் கலந்து, பாடத்தோடு இணைந்த பயிற்சிக் குழுக்கள் அமைத்து ஆண்டு முழுவதும் அதே குழுவாக வைத்திருந்தால், எந்தச் சிரேஷ்ட மாணவரின் அனுமதியும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் தெரிந்த பத்துப் பேர் கிடைப்பார்கள். தன் பாடசாலையிலிருந்து ஒருவராகவே வந்தவர்களைப் பதிவுப் படிவத்திலேயே அடையாளம் காணலாம்; விடுதி அறை ஒதுக்கும்போது அவர்களை ஒருவருக்கொருவர் அருகில் வைக்கலாம். பயிற்சி வகுப்புகளுக்குத் தொடர்ந்து வராதவரை மூன்றாம் நான்காம் வாரத்திலேயே ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். பரீட்சை முடிவு வரும்வரை காத்திருப்பது காலம் கடந்த கவனிப்பு. பழைய வினாத்தாள்கள் நூலகத்திலும் இணையத்திலும் எல்லோருக்கும் திறந்திருந்தால், அவற்றைக் கொண்டு விலைபேசுவது அன்றே முடிந்துவிடும்.

குப்பியைத்தான் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். பல்கலைக்கழகம் அதை எடுத்து நடத்தினால் அது இன்னொரு விரிவுரையாகிவிடும். மாணவர் தம் மொழியில், தம் வேடிக்கையோடு, இரவு வெகுநேரம்வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அந்த உயிர் போய்விடும் என்று மாணவர் அமைப்புகள் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு நியாயமானது. எனவே இடமும் மின்விளக்கும் பல்கலைக்கழகத்துடையதாக, கற்பிப்பவர் மாணவராகவே இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பட்ச்சின் பெயரால் அன்றி, தனித்தனியே தம் பெயரால் முன்வந்து, பீடத்தின் அறையொன்றில், கதவைத் திறந்துவைத்து, சிங்களத்திலும் தமிழிலும் குப்பி எடுப்பதற்கு ஒரு சிறு கொடுப்பனவும் பட்டச் சான்றிதழோடு ஒரு குறிப்பும் வழங்கலாம். அப்படிக் கற்பிக்க முன்வரும் சிரேஷ்ட மாணவர்கள் எல்லாப் பீடத்திலும் இருக்கிறார்கள். பகிடிவதையைத் தாமும் மறுத்து, இரண்டு ஆண்டுகள் தனியாகப் படித்துத் தேறியவர்கள் அவர்களில் சிலர். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலில் சந்திக்கவேண்டிய அண்ணாவும் அக்காவும் அவர்களே.